சில வாரம் தங்கிய விருந்தாளிகள்: வட்டுக்கோட்டை, 1855

சி.வை. தாமோதரம் பிள்ளையைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். உ.வே.சா.வின் பெயர் வரும் இடத்தில் எல்லாம் இவர் பெயரும் வரவேண்டும், பல நேரம் வருவதில்லை. அது தனிக் கதை. நான் இன்று எழுத நினைத்தது அவரைப் பற்றி அல்ல, அவர் படித்த பள்ளிக்கூடத்துக்கு என்ன ஆனது என்பதைப் பற்றி.

1857ல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் முதல் பட்டதாரிகள் இரண்டு பேர். ஒருவர் தாமோதரம் பிள்ளை, இன்னொருவர் கரோல் விசுவநாத பிள்ளை. இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். இருவருமே வட்டுக்கோட்டை செமினரியின் ஆட்கள். தாமோதரம் பிள்ளை அங்கே மாணவர், விசுவநாத பிள்ளை அங்கே ஆசிரியராகவும் இருந்தவர். பெருமையான விஷயம்தான். ஆனால் இவர்கள் பட்டம் வாங்கிய நேரத்தில் அந்தச் செமினரி உயிரோடு இல்லை. 1855லேயே மூடிவிட்டார்கள்.

பணம் தீர்ந்துபோய் மூடவில்லை. அரசாங்கம் விரட்டியும் மூடவில்லை. அமெரிக்காவிலிருந்து இரண்டு பேர் கப்பலேறி வந்தார்கள், சில வாரம் இருந்தார்கள், பேசினார்கள், போனார்கள். பள்ளி மூடப்பட்டது. 'அதெப்படி?' என்று கேட்கப் போய்த்தான் நான் இதற்குள் விழுந்தேன்.

இப்போதெல்லாம் சபைகளிலிருந்து 'மிஷன் ட்ரிப்' போகிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேர், பத்து நாள், ஒரே மாதிரி டிஷர்ட், ஏதோ ஒரு நாட்டில் ஒரு பள்ளிக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வருவது. இந்த வடிவம் புதுசு. ஜார்ஜ் வெர்வர் என்ற அமெரிக்க மாணவர் 1957ல் இரண்டு நண்பர்களோடு லாரியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு மெக்சிகோ போனதும், 1960ல் லோரன் கன்னிங்ஹாம் இளைஞர்களை அனுப்ப ஓர் அமைப்பு தொடங்கியதும்தான் இதற்குத் தொடக்கம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும் பயணம் அதைவிடப் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதற்கு 'டெபுடேஷன்' என்று பெயர், அதாவது தூதுக்குழு. வெளிநாட்டிலேயே வாழ்ந்து அங்கேயே சாகிற மிஷனரிகளைத் தலைமையகத்து ஆட்கள் போய்ப் பார்த்து வருவது. இவர்கள் சுண்ணாம்பு அடிக்க வரவில்லை. கணக்குப் பார்க்க வந்தார்கள்.

முதலில் செமினரி.

1810ல் தொடங்கிய அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கம் 1816ல் யாழ்ப்பாணத்துக்கு ஆள் அனுப்பியது. டேனியல் பூர், பெஞ்சமின் மெய்க்ஸ் முதலானவர்கள். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துக்கீசியர் காலத்துக் கோயில்கள் கூரையில்லாமல் கிடந்தன. அவற்றைச் செப்பனிட்டுக் குடியேறினார்கள். 1823ல் வட்டுக்கோட்டையில் உயர்கல்வி தொடங்கியபோது 'கல்லூரி' என்றே பெயர் வைக்க ஆசைப்பட்டார்கள், அறிக்கையும் அச்சடித்தார்கள். பிரிட்டிஷ் நிர்வாகம் அமெரிக்கர்கள் கல்லூரி நடத்த ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் 'செமினரி'. பெயரைப் பார்த்து வெறும் வேதப் பள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். ஆங்கிலம், தமிழ் இலக்கணம், சமஸ்கிருதம், கணிதம், வானியல், இயற்பியல் எல்லாம் அங்கே இருந்தன. 1829ல் ஒரு சந்திர கிரகணத்தை வைத்து டேனியல் பூர் உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிப்போடு மோதினார், அந்தக் கதை யாழ்ப்பாணத்தில் ரொம்ப நாள் பேசப்பட்டது. பூருக்குப் பிறகு தலைமைக்கு வந்த ஹென்றி ஹொய்சிங்டன் சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அமெரிக்கக் கீழைத்தேயச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். மதம் மாற்ற வந்தவர் சைவ சித்தாந்தத்தை அமெரிக்காவுக்கு எடுத்துப்போனார். சும்மா சொல்லக் கூடாது, அந்தத் தலைமுறை மிஷனரிகள் படித்தவர்கள்.

இலங்கை அரசின் செயலராக இருந்த எமர்சன் டெனன்ட் 1850ல் வந்த தன் புத்தகத்தில், ஐரோப்பாவின் பல பல்கலைக்கழகங்களோடு வைத்துப் பேசத்தக்கது வட்டுக்கோட்டை என்று எழுதினார். செமினரியில் படித்த ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் 1841 ஜனவரியில் 'உதயதாரகை'யைத் தொடங்கி நடத்தினார்கள். இருவருமே யாழ்ப்பாணத் தமிழர்கள். அமெரிக்காவில் பணம் அனுப்புகிறவர்கள் விரும்பிய பெயரைப் பையன்களுக்குச் சூட்டுவது வழக்கம், அதனால்தான் அந்தக் காலத்து யாழ்ப்பாண ஆவணங்களில் நியூ இங்கிலாந்துப் பாதிரியார்களின் பெயரோடு வேட்டி கட்டிய ஆட்கள் உலாவுகிறார்கள். கரோல் விசுவநாத பிள்ளையின் 'கரோல்' வந்ததும் அப்படித்தான்.

சரி, இப்படி ஒரு பள்ளியை ஏன் மூட வேண்டும்?

இங்கேதான் ருஃபஸ் ஆண்டர்சன் வருகிறார். 1796ல் பிறந்தவர். 1832 முதல் அமெரிக்கன் போர்டின் வெளிநாட்டுச் செயலர், அந்தப் பதவியில் 1866 வரை இருந்தார். பாஸ்டன் பெம்பர்ட்டன் சதுக்கத்து அலுவலகத்தில் உட்கார்ந்து ஹவாயிலிருந்து துருக்கி வரைக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருந்த மனிதர். ஆனால் நாற்காலியை விட்டு எழாத அதிகாரி இல்லை. 1828லும் 1843லும் மத்தியதரைக்கடல் பக்கம் போய் மிஷன்களை நேரில் பார்த்தவர்.

அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது. லண்டனில் ஹென்றி வென் என்ற இன்னொரு மிஷன் செயலரும் கிட்டத்தட்ட அதே காலத்தில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். ஒரு நாட்டுச் சபை தன்னைத் தானே ஆள வேண்டும், தன் செலவைத் தானே பார்க்க வேண்டும், தானே பரவ வேண்டும். வெளிநாட்டு மிஷனரி கட்டிடம் கட்டும்போது போடுகிற சாரம் மாதிரி, வேலை முடிந்தால் பிரித்து எடுத்துவிட வேண்டும். (சாரம் என்ற உவமை என்னுடையது, ஆனால் அவர் சொன்னதன் பொருள் இதுதான்.) வெள்ளைக்காரர் போய்த்தான் உலகத்தைத் திருத்த வேண்டும் என்று ஊரே நம்பிய காலத்தில் இதைச் சொல்வது லேசான காரியம் இல்லை. இன்றைக்கும் மிஷன் வரலாறு எழுதுகிறவர்கள் ஆண்டர்சனை மரியாதையோடுதான் குறிப்பிடுகிறார்கள்.

இந்தக் கொள்கையின் கண்ணாடி வழியாக வட்டுக்கோட்டையைப் பாருங்கள். ஆங்கிலம் படித்த பையன் என்ன செய்வான்? கச்சேரி வேலைக்குப் போவான். கொழும்புக்கோ, சென்னைக்கோ, காப்பித் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை வேலைக்கோ போவான். கிராமத்துச் சபையில் சின்னச் சம்பளத்துக்குப் போதகராக உட்காருவானா? மாட்டான். அமெரிக்காவில் விதவைகளும் விவசாயிகளும் சேர்த்து அனுப்பிய காசு பிரிட்டிஷ் அரசாங்கத்துக்குக் குமாஸ்தா தயாரிக்கப் போகிறது என்று ஆண்டர்சன் நினைத்தார். போதாக்குறைக்கு மாணவர்களில் பெரும்பாலானவர்கள் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. எடுத்தவர்களிலும் பலர் வெளியே போனதும் திருநீறு பூசிக்கொண்டார்கள். ஆறுமுக நாவலர் 1848ல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, மிஷன் பள்ளிகளின் முறையையே எடுத்து மிஷனுக்கு எதிராகத் திருப்பிவிட்டிருந்த சமயம் அது. பாஸ்டனில் இருந்து பார்த்தால் கணக்கு உதைக்கத்தான் செய்யும்.

1854ல் போர்டு ஆண்டர்சனை அனுப்பியது. கூடவே ராக்ஸ்பரியில் ஒரு சபையின் போதகராக இருந்த அகஸ்டஸ் தாம்ப்சன். ஒரு செயலர், ஒரு பாஸ்டர். அவ்வளவுதான் குழு. சூயஸ் கால்வாய் 1869ல்தான் திறந்தது, அதனால் அன்றைய பயணம் எதுவும் சுருக்கமானதில்லை. அந்த ஆண்டின் கடைசியில் பம்பாய் வந்து சேர்ந்தார்கள். மராத்தி மிஷனைப் பார்த்தார்கள், 1855ல் மதுரை, யாழ்ப்பாணம், சென்னை. ஒவ்வொரு ஊரிலும் ஒரே நடைமுறை. மிஷனரிகளை ஒன்றாக உட்காரவைத்து நாள்கணக்கில் கூட்டம். பள்ளிகள், மொழி, சம்பளம், உள்நாட்டுப் போதகர்களுக்குப் பட்டம் கொடுப்பது என்று தலைப்பு தலைப்பாக விவாதம், அறிக்கை, தீர்மானம்.

முடிவு எல்லா இடத்திலும் ஒரே திசையில் போனது. ஆங்கிலக் கல்வியைக் கைவிடு, தாய்மொழியில் சொல்லிக்கொடு. பெரிய பள்ளிகளைக் குறை, கிராமச் சபைகளைக் கூட்டு, உள்ளூர் ஆளைப் போதகராக்கு. மதுரைப் பக்கம் பசுமலை செமினரி தப்பியது, ஆனால் ஆங்கிலம் போய், உபதேசிமாரைத் தயாரிக்கும் தமிழ்ப் பள்ளியாகச் சுருங்கியது. வட்டுக்கோட்டை தப்பவில்லை. முப்பத்திரண்டு வருஷம் ஓடிய செமினரி நின்றது. சில வருஷம் கழித்துச் சபை ஊழியர்களைப் பழக்க அதே இடத்தில் தமிழ்வழியில் ஒரு சின்னப் பயிற்சிப் பள்ளி வைத்தார்கள். பழையதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

காகிதத்தில் பார்த்தால் இது ஆண்டர்சன் போட்ட உத்தரவு இல்லை, மிஷனரிகளின் கூட்டம் எடுத்த முடிவு. ஆனால் யோசித்துப் பாருங்கள். உங்களுக்குச் சம்பளம் அனுப்புகிற அலுவலகத்தின் தலைவர் பத்தாயிரம் மைல் தாண்டி வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவர் என்ன நினைக்கிறார் என்று இருபது வருஷமாகக் கடிதத்தில் படித்திருக்கிறீர்கள். அந்த அறையில் 'சுதந்திரமான விவாதம்' எவ்வளவு சுதந்திரமாக இருக்கும்? இதை நான் மட்டும் கேட்கவில்லை. அமெரிக்காவிலேயே கேட்டார்கள். தூதுக்குழு வரம்பு மீறிவிட்டது என்று ஆட்சேபம் கிளம்பி, 1856 மார்ச்சில் ஆல்பனி நகரில் போர்டு சிறப்புக் கூட்டம் போட வேண்டியதாயிற்று. விசாரிக்க ஒரு குழு அமைத்தார்கள். கடைசியில் ஆண்டர்சனின் கொள்கையே நின்றது.

ஆண்டர்சன் மட்டும் இப்படிச் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1853ல், அமெரிக்க பாப்டிஸ்டுகள் சாலமன் பெக், ஜேம்ஸ் கிரேஞ்சர் என்ற இருவரைப் பர்மாவுக்கு அனுப்பினார்கள். மௌல்மெய்னில் கூட்டம். அதே விவாதம், கிட்டத்தட்ட அதே தீர்ப்பு. கல்கத்தாவில் அலெக்சாண்டர் டஃப் 1830ல் தொடங்கிய ஆங்கிலக் கல்வி மாதிரிக்கு எதிராக அமெரிக்கர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். திரும்பிய நேரம்தான் சரியில்லை. 1854 ஜூலையில் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை வந்து, இந்தியாவில் தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரும் வழி திறந்தது. பல்கலைக்கழகங்களுக்கு அடித்தளம் போட்டதும் அதுதான். இலங்கை வேறு நிர்வாகம், அந்த மானியம் யாழ்ப்பாணத்துக்கு வராது. ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கதவு யாழ்ப்பாணத்துப் பையனுக்கும் திறந்திருந்தது என்பதைத்தான் மேலே பார்த்தோமே. அந்தக் கதவுக்குள் முதலில் நுழைய ஆள் தயாரித்த பள்ளியை, கதவு திறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால் மூடியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஆண்டர்சனை வில்லனாக்கிவிட்டு எழுந்து போவது சுலபம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று அவர் சொன்னதை இன்று யார் மறுப்பார்கள்? நாமே மேடை போட்டுப் பேசுகிற விஷயம். அதே யாழ்ப்பாண மிஷனில் 1847ல் வந்த டாக்டர் சாமுவேல் கிறீன், 1860களில் மானிப்பாயில் மேற்கத்திய மருத்துவத்தை முழுக்கத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தார். உடற்கூற்றியலுக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் வேதியியலுக்கும் தமிழில் புத்தகம் கொண்டுவந்தார். தமிழ் கலைச்சொல் வரலாற்றை எழுதுகிறவர்கள் அவரைத் தாண்டிப் போக முடியாது. ஆக, தமிழில் முடியாது என்று சொல்வதற்கில்லை. வட்டுக்கோட்டை ஆசிரியரான கரோல் விசுவநாத பிள்ளையே 'வீசகணிதம்' என்று தமிழில் அல்ஜீப்ரா புத்தகம் எழுதியவர்தான். அது வந்த வருஷம் எது தெரியுமா? 1855.

இந்தப் புத்தகம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'ஆங்கிலமா தமிழா' என்று தூதுக்குழு இரண்டில் ஒன்றைக் கேட்டது. ஆனால் செமினரியில் முப்பது வருஷமாக நடந்துவந்தது இரண்டும் கலந்த வேலை. ஆங்கிலத்தில் அல்ஜீப்ரா படித்த ஒருவரால்தான் அன்று தமிழில் அல்ஜீப்ரா எழுத முடிந்தது. தொல்காப்பிய உரையை அச்சுக்குத் தயாரித்த தாமோதரம் பிள்ளையும் ஆங்கிலம் படித்ததால் தமிழை விட்டுப் போனவர் இல்லை. இதெல்லாம் ஒரு பள்ளிக்குள் வருஷக்கணக்கில் ஊறி வருகிற விஷயம். சில வாரம் தங்குகிறவருக்கு இது எப்படிக் கண்ணில் படும்? அவர் கண்ணில் படுவது பட்டியல்: இத்தனை மாணவர், இத்தனை சபை அங்கத்தினர், இத்தனை செலவு.

என் மனத்தை உறுத்துவது இன்னொன்று. தன்னைத் தானே ஆளும் சபை என்பதுதானே ஆண்டர்சனின் முழக்கம்? அந்த முழக்கத்தின் பேரில் எடுத்த இந்த முடிவில் ஓட்டுப் போட்டவர்கள் மிஷனரிகள். அமெரிக்கர்கள். யாழ்ப்பாணத்து ஆசிரியர்களும் உபதேசிமாரும் பிள்ளைகளை அனுப்பிய தகப்பன்மாரும் அந்த அங்கத்தினர் பட்டியலில் இல்லை. அவர்களுக்கு எது நல்லது என்று அவர்களை வாக்களிக்க விடாமலே தீர்மானித்து, அதற்குத் 'தன்னாட்சி' என்று பெயர் வைத்தார்கள். கொள்கை சரியாக இருந்தும், அதை நடத்திய விதம் அதற்கே எதிராகப் போய்விட்டது. ஆண்டர்சனுக்கு இது தோன்றியதாக நான் படித்தவற்றில் எங்கும் தெரியவில்லை. 1863ல் ஹவாய்க்கும் இதே மாதிரி ஒரு பயணம் போனார்.

உள்ளூர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. 1856ல், அதாவது மூடிய மறு வருஷமே, ரொபர்ட் பிரெக்கன்ரிட்ஜ் என்பவர் முன்நிற்கப் பழைய மாணவர்கள் அதே இடத்தில் 'வட்டுக்கோட்டை ஹைஸ்கூல்' தொடங்கிவிட்டார்கள். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், இவரும் மேலே சொன்ன மாதிரி பெயர் சூட்டப்பட்ட ஆள்தான். அமெரிக்கப் பணம் இல்லை, பிள்ளைகளின் சம்பளத்தில் ஓட வேண்டும். ஆங்கிலமும் உண்டு. செலவைத் தானே பார்த்துக்கொள்ளும், தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் ஓர் உள்ளூர் நிறுவனம் வேண்டும் என்று ஆண்டர்சன் கேட்டாரே, இதோ கிடைத்துவிட்டது. மிஷன் மூடிய பள்ளியை ஊர்க்காரர்கள் திறந்ததன் மூலம்.

1860களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்கள் மறுபடியும் ஒரு கல்லூரி வேண்டும் என்று பேச ஆரம்பித்தார்கள். ஊரிலும் பணம் திரட்டினார்கள், அமெரிக்காவிலும் திரட்டினார்கள். ஆண்டர்சன் அதற்குள் பதவியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். 1872ல் வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி திறந்தது. பசுமலையிலும் 1881ல் கல்லூரி வகுப்பு வந்தது, இன்று மதுரையில் உள்ள அமெரிக்கன் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததுதான். ஆக, தூதுக்குழு எதை நிறுத்தியதோ அது இரண்டு ஊரிலும் ஒரு தலைமுறைக்குள் திரும்பி வந்துவிட்டது. இடையில் பதினேழு வருஷம் போனது போனதுதான். அந்தப் பதினேழு வருஷத்தில் வயதுக்கு வந்த பையன்களில் இன்னொரு தாமோதரம் பிள்ளை இருந்தாரா என்று கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்?

யாழ்ப்பாணக் கல்லூரியின் முதல் தலைவர் யூரோட்டஸ் ஹேஸ்டிங்ஸ். செமினரி நாட்களிலேயே யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த மிஷனரி. பள்ளி மூடப்பட்டதையும் திறந்ததையும் ஒரே ஆயுளில் பார்த்துவிட்டார்.